லூர்துக்குப் போகும் காரில் மனுவேலின் இடம்

முந்தல் சந்தியில் நின்று மனுவேல் வீடு எது என்று கேட்டால், எந்த மனுவேல் என்று திருப்பிக் கேட்பார்கள். வேன் மனுவேல் என்றால் மறுபேச்சு இருக்காது. தென்னந்தோட்டத்து வேலியோரம் நிற்கிற வெள்ளை டொல்பின் வேனைக் கையால் காட்டுவார்கள். அதன் பின்கண்ணாடியில் நீல எழுத்தில் 'சாந்த அன்னம்மா துணை' என்று எழுதியிருக்கும். முன்னால் ஒரு செபமாலை தொங்கும். அந்த வேனில் ஏறி மடுக் கோயிலுக்கும் தலவிலக் கோயிலுக்கும் போகாத கத்தோலிக்கக் குடும்பம் அந்தப் பக்கத்தில் இல்லை.

மனுவேலுக்கு அறுபத்தொரு வயது. அதில் நாற்பது வருடம் சாரதி. அந்த நாற்பது வருடத்தில், ஒரே ஒரு நாளைத் தவிர, எந்த வாகனத்திலும் சாரதி ஆசனத்தை விட்டு வேறு இடத்தில் அவர் அமர்ந்ததில்லை. தன் கலியாணத்தன்று கோட்டும் சூட்டுமாக, மணப்பெண்ணைப் பின்னால் இருத்திக் காரைத் தானே ஓட்டி வந்தவர். குடல்வால் வெடிக்கிற நிலையிலும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி சிலாபம் ஆஸ்பத்திரி வரைக்கும் தானே ஓட்டிப் போனவர். தொழில்மேல் இப்படியும் ஒரு பக்தியா என்று ஊர் வியந்தது.

ஊர் அறியாத உண்மை ஒன்று உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்துவைத்துக் கதை சொல்ல என் மனம் இடம் தரவில்லை. சாரதி ஆசனத்தில் இல்லாவிட்டால் மனுவேல் சத்தி எடுப்பார்.

பன்னிரண்டு வயதில் தகப்பன் அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனார். மூன்று நாள் வாந்தியைப் பார்த்துவிட்டு, "இவன் மீனுக்கு இரை போடத்தான் சரி" என்று கரையில் இறக்கிவிட்டார். பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸிலும் அதே கதை. பத்தொன்பது வயதில் ஐஸ் லொறியில் உதவிக்குப் போனார். அவருக்காக லொறியை நிறுத்தி நிறுத்தி அலுத்துப்போன சாரதி ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது, ஸ்டியரிங் மனுவேலின் கைக்கு வந்தது. அன்றைக்குத்தான் அந்த வயிறு முதல்முறையாக வாய் மூடிக் கிடந்தது. ஒரு மனிதனுக்கு அவனுடைய விதி தெரிகிற நேரம் இருக்கிறதே, அது சிலருக்கு ஆலயத்தில் வரும், சிலருக்குச் சாவு வீட்டில் வரும். மனுவேலுக்கு அது ஐஸ் லொறியில், மூன்றாவது கியரில் வந்தது.

இன்றைக்கு இது தெரிந்த ஒரே உயிர் அவருடைய மனைவி பிரான்சிஸ்கா. கலியாணமாகி மூன்றாம் கிழமை, வேன் பழுதானதால் இருவரும் மடுவுக்கு பஸ்ஸில் போனார்கள். நான் சொன்ன அந்த ஒரே நாள் அதுதான். அவளுடைய கூறைச் சேலை அன்றோடு முடிந்தது. அவளோ, பாவசங்கீர்த்தனத்தைச் சுவாமியார் காப்பதுபோல முப்பத்து நாலு வருடம் அந்த ரகசியத்தைக் காத்தாள்.

தன் வேனில் யாராவது சத்தி எடுத்தால் மட்டும் மனுவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். டாஷ்போட்டைத் திறந்து குமட்டலுக்கு முகர ஒரு தேசிக்காயும் ஒரு சொப்பிங் பையும் எடுத்து நீட்டுவார். "கண்ணாடியைத் திறந்து தூரத்தில ஒரு மரத்தைப் பாருங்க. வயித்தைப் பாக்காதீங்க. இல்லாட்டி நித்திரை கொள்ளுங்க. நித்திரையில சத்தி வராது" என்பார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். ஆட்களின் தலை ஒவ்வொன்றாகச் சாய்ந்தால்தான் அவருக்கு நிம்மதி. "ஏத்தின ஆக்கள் நித்திரையானா டிரைவர் நல்லம் எண்டு அர்த்தம்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஜனவரி மாதம் இத்தாலியிலிருந்து அந்த அழைப்பு வந்தது.

பேசியது அவருடைய ஒரே மகள் றஜிதா. ஏழு வருடத்துக்கு முன் கலியாணம் முடித்து ஜெனோவாவுக்குப் போனவள். அங்கே ஒரு வயதான சீமாட்டியைப் பராமரிக்கிறாள். புருசன் றொபின்சன் ஹோட்டல் குசினியில் வேலை.

"அப்பா, செப்டம்பர்ல எங்களுக்கு லீவு. நீங்களும் அம்மாவும் வாங்க. இங்க ஒரு கார் வாடகைக்கு எடுத்து, எல்லை தாண்டி பிரான்சுக்குப் போய், லூர்து மாதாவைப் பாத்திட்டு வருவம்."

பிரான்சிஸ்கா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கொரோனா காலத்தில் றஜிதா அங்கே பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்ட நாட்கள் அவை. தாய் இங்கே முந்தலில் முழங்காலில் நின்று, என் பிள்ளையைத் தந்தால் லூர்துக்கு வந்து என் கையால் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன் என்று நேர்ந்தாள். பிள்ளை கிடைத்தாள். மெழுகுதிரி இன்னும் கொளுத்தப்படவில்லை.

மனைவி கண்ணைத் துடைத்தாள். மனுவேல் போனை வாங்கினார்.

"என்ன கார் மகள்? கியர் உள்ளதா, ஓட்டோவா?"

"அதெல்லாம் பிறகு பாப்பம் அப்பா."

அந்தப் 'பிறகு' என்ற சொல்லில் என்ன இருந்தது என்று மனுவேல் யோசிக்கவில்லை. கார் இருந்தால் அதற்கு ஒரு சாரதி இருப்பார், அந்தச் சாரதி தானாக இருப்பார் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

மறுநாள் பழைய கலண்டர் தாளொன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் பயணத் திட்டம் எழுதத் தொடங்கினார். மடு யாத்திரைக்கு எழுதுகிற அதே முறை. காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. இருபது கிலோமீற்றரில் முதல் தேத்தண்ணி. அறுபதில் ஒதுங்க ஒரு இடம். பத்து மணிக்கு ஆறு அல்லது குளம், குளிப்பு. மதியம் நிழலான மரம்; சமையல். கடைசியில், இரண்டு கோடு இழுத்து, 'டிரைவருக்குத் தனி அறை, முதல் சாப்பாடு டிரைவருக்கு' என்று எழுதினார். நாற்பது வருடம் மற்றவர்கள் மண்டபத்தில் படுக்க வேனுக்குள் சுருண்டு கிடந்தவர், எல்லோரும் தின்று முடிந்த சட்டியைச் சுரண்டியவர், தன் குடும்பத்துப் பயணத்திலாவது அந்த அநியாயம் நடக்கக்கூடாது என்று நினைத்தார். அதில் என்ன தவறு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு அதை வாசித்துக் காட்டினார்.

"அப்பா, ஹைவேயில மரத்துக்குக் கீழ சமைக்க ஏலாது."

"நாங்க குப்பை போட மாட்டம் மகள்."

"அடுப்பு மூட்டினா பொலிஸ் வரும்."

"வந்தா அவங்களுக்கும் ஒரு கோப்பை போடுவம். சரி, அதை விடு. எல்லையில எத்தனை மணித்தியாலம் நிக்க வேணும்?"

"நிக்கத் தேவையில்ல. அநேகமா அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஒரு நீலப் பலகை இருக்கும். தாண்டினா பிரான்ஸ்."

மனுவேல் தன் கையைப் பார்த்தார். யுத்த காலத்தில் மடுவுக்குப் போன வழியில் எத்தனை சோதனைத் தடை, எத்தனை இறக்கம், எத்தனை ஏற்றம். ஒரு சோற்றுப் பானையைக்கூட மூடி திறந்து காட்டிய கை அது.

"ஒருத்தருமே இல்லையா?"

"இல்ல அப்பா."

"அப்ப ஐடென்டிட்டியை ஆருக்குக் காட்டுறது? பலகைக்கா?"

மதுரங்குளியில் டயர் கடை வைத்திருக்கிற முத்தலிபு நானா அவருடைய முப்பது வருடச் சிநேகிதர். தம்மாமில் ஒரு அரபி வீட்டில் பதினொரு வருடம் கார் ஓட்டியவர். வலப்பக்கம் ஓட்டுகிற வித்தையைக் கற்க மனுவேல் அவரிடம்தான் போனார்.

"ஸ்டியரிங் இடப்பக்கம் ஈக்கும். கியர் வலக்கையில" என்றார் முத்தலிபு. "மொத நாள் நான் கியர் எண்டு நெனச்சிக் கதவத் தொறந்துட்டேன். மொதலாளிட உம்மா பின்னால ஈந்தாங்க. ஊட்டுக்கு வார வரைக்கும் ஓதிக்கிட்டே வந்தாங்க."

"எனக்கு அப்பிடி வராது நானா."

"வராதா? வா, பாப்பம்."

கடை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டார். இடப்பக்கக் கதிரையில் மனுவேல். கையில் ஒரு சைக்கிள் ரிம். வலப்பக்கத்தில் நிலத்தில் குத்திய குடை, அதுதான் கியர். முத்தலிபு பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, "ரவுண்டபோட் வருது, மொதல்ல இடப்பக்கம் பாரு, கியரக் கொற" என்றார். மனுவேலின் இடக்கை தானாகக் காற்றைப் பிடித்தது.

"கதவத் தொறந்துட்டாய். உம்மா விழுந்துட்டாங்க. மறுகா எடு."

பஞ்சர் போட வந்து நின்ற ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "நானா, இந்த வண்டி எங்க போற?"

"இத்தாலிக்கி."

"அப்ப போற வழியில என்னைப் பாலாவியில எறக்கிவிடுங்க."

ஐந்து கிழமை இப்படிப் பழகினார். ஆறாவது கிழமை குடையும் கையும் ஒன்றானது. முத்தலிபு கையைப் பிடித்து, "இனி ஒனக்கு எந்த நாடும் ஏலும்" என்றார். அந்த வார்த்தையை நெஞ்சில் தாங்கிக்கொண்டு மனுவேல் வீட்டுக்கு வந்த அதே மாலைதான் றஜிதா கார் வாடகைப் பத்திரத்தைப் பற்றிப் பேசினாள்.

"அப்பா, கார் எடுக்கிற போர்ம் நிரப்பியிருக்கன். ஓடுற ஆள் எண்ட இடத்தில என்ட பேரைப் போட்டிருக்கன்."

"உன்ட பேரா?"

"எல்லை தாண்டிக் கொண்டுபோறதெண்டா கார் எடுக்கிற ஆள் மட்டும்தான் ஓடலாமாம். ஒரு பேர்தான்."

"றொபின்சன்?"

"அவர் லைசன் எழுத்துச் சோதினையில மூண்டு தரம் பெயில். நான்தான் ரெண்டு வருசமா ஓடுறன்."

ரெண்டு வருசமா. மகள் இரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறாள், தகப்பனுக்குத் தெரியாது. பதினெட்டு வயதில் அவள் இதே வாசலில் நின்று, எனக்கும் ஓடப் பழக்குங்கள் அப்பா என்று கேட்டாள். மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் அழுதாள். "பொம்பிளைப் புள்ளைக்கு ஸ்டியரிங் எதுக்கு?" என்று சொல்லி வேனைக் கழுவப் போனவர் இவர்.

"அப்ப எனக்கு வரேலாது மகள்" என்றார் மனுவேல். "செப்டம்பர்ல வேனுக்கு சீசன்."

போனை வைத்ததும் பிரான்சிஸ்கா இடுப்பில் கை வைத்தாள். "தலவில திருநாள் ஆகஸ்டோட முடிஞ்சிடும். செப்டம்பர்ல என்ன சீசன்? காகங்களை ஏத்தப் போறீங்களா?"

"எனக்குக் குளிர் ஒத்துக்காது."

"செப்டம்பர்ல அங்க குளிர் இல்லையாம்."

"பிரஷர்."

"இஞ்சேருங்க, மகளுக்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. பக்கத்தில இருந்தா சத்தி வரும் எண்டு சொன்னா தலையா போகப்போகுது? நீங்க வராம நான் தனியப் போக மாட்டன். மெழுகுதிரியை ஆர் கொளுத்துறது?"

மனுவேல் தலையைக் குனிந்தார். "நாப்பது வருசமா ஏத்தின ஆக்களுக்கெல்லாம் தேசிக்காய் கொடுத்த மனுசன் நான். என்ட கையில ஒருத்தர் தேசிக்காய் தந்தா..."

ஒரு பக்கம் மாதாவிடம் கொடுத்த வாக்கு. மறுபக்கம் நாற்பது வருட மானம். நடுவில் ஒரு வயிறு. பிரான்சிஸ்கா அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாளே தவிர, கதை போடவில்லை.

மார்ச் மாதம், தலவில அன்னம்மாளுக்கு வருடத்தில் வருகிற இரண்டு திருநாளில் முதலாவதுக்கு, றஜிதா இரண்டு கிழமை லீவில் தனியாக வந்தாள். திரும்பிப் போகும்போது பெற்றோரின் விசாக் கடதாசிகளையும் சம்மதத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் காரும் இல்லை, லூர்தும் இல்லை. அவள் வந்த நாலாம் நாள் காலை, வேனின் சாவியைக் கேட்டாள்.

"தலவிலக்கு நான் ஓடுறன் அப்பா. நீங்க பக்கத்தில இருந்து பாருங்க. பிழையெண்டா சொல்லுங்க, நான் அந்தப் போர்மைக் கிழிச்சிடுறன்."

இங்கே ஓட்டுவதற்கான அனுமதிக் கடதாசியையும் கொழும்பில் எடுத்து வந்திருந்தாள். மனுவேலின் மகள், கடதாசி இல்லாமல் சக்கரத்தைத் தொடமாட்டாள். பிரான்சிஸ்கா அதற்குள் சோற்றுக் கூடையுடன் பின்சீட்டில் ஏறிவிட்டாள். "மகள் ஓடட்டும். இல்லாட்டி நான் பஸ்ஸில போறன்" என்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

மதுரங்குளி வருவதற்குள் இவள் தடுமாறிவிடுவாள், அங்கே ஸ்டியரிங்கை வாங்கிவிடலாம், அதுவரை வயிறு தாங்கும் என்று மனுவேல் கணக்குப் போட்டார். இடப்பக்க ஆசனத்தில் ஏறினார். தன் வேனின் இடப்பக்கக் கதவு எப்படித் திறக்கும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

பிரதான வீதிக்கு ஏற றஜிதா சிக்னல் போட்டாள். கண்ணாடியில் வைப்பர் இரண்டும் எழும்பி, காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று உரசின.

"மழை இல்ல மகள்."

"அங்க சிக்னல் இடக்கையில அப்பா. பழகிடும்."

பழகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு சைக்கிளை முந்தும்போதும், அந்த வெயிலில் வைப்பர் ஆடியது. எதிரே வந்த லொறிக்காரர் கையை வெளியே நீட்டி மழை பெய்கிறதா என்று பார்த்தார். மனுவேலின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. ஆனால் வேன் ஆடவில்லை, அலையவில்லை. அவள் கியர் மாற்றுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பிழை பிடிக்கவென்றே ஏறியவருக்கு வைப்பரைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

டயருக்குக் காற்றுப் பார்க்க மதுரங்குளியில் நிறுத்தினாள். முத்தலிபு நானா வைப்பரைப் பார்த்தார், இடப்பக்கத்தில் இருந்த மனுவேலைப் பார்த்தார், துஆக் கேட்பதுபோல இரண்டு கையையும் ஏந்தினார்.

"மனுவேல், என்ன இது? நான் பழக்கினது எல்லாம் இந்தப் பக்கத்துக் கதிரையில உக்காரவா?"

"பரீட்சை வைக்கிறன் நானா."

"யாருக்கு?"

மனுவேல் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்கிற நிலைக்கு அவர் வந்திருந்தார். ஸ்டியரிங்கைக் கேட்க வேண்டிய இடமும் அப்படியே கழிந்தது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

பாலாவியில் வைப்பர் ஆட, வேன் கற்பிட்டி வீதிக்குத் திரும்பியது. நுரைச்சோலைக்கு முன்னால் நடுவீதியில் மூன்று கழுதைகள் நின்றன. மனுவேலாக இருந்தால் ஹோர்னில் கையை வைத்தபடி ஓரமாக வளைத்து எடுத்திருப்பார். றஜிதா வேனை நிறுத்தினாள். எஞ்சின் முனகியது. கழுதைகள் மூவரையும் பார்த்தன. டீசல் மணம் உள்ளே வந்தது. மனுவேலின் நெற்றியில் வியர்வை அரும்பியது, முகம் வெளிறியது, இரண்டு கையும் செபம் சொல்வதுபோலக் கோத்துக்கொண்டன.

றஜிதா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வேனை ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடிக்கு எடுத்தாள். டாஷ்போட்டைத் திறந்து ஒரு தேசிக்காயும் ஒரு சொப்பிங் பையும் எடுத்து அவருடைய மடியில் வைத்தாள்.

"கண்ணாடியைத் திறந்து தூரத்தில ஒரு மரத்தைப் பாருங்க அப்பா. வயித்தைப் பாக்காதீங்க."

அவருடைய சொற்கள். நாற்பது வருடம் பிறருக்குச் சொன்ன அதே சொற்கள், பெற்ற மகளின் வாயிலிருந்து. கதவைத் திறக்க மட்டும்தான் அவருக்கு நேரம் கிடைத்தது. வேன் மனுவேலின் நாற்பது வருட மானம் நுரைச்சோலை வேலியோரத்தில், மூன்று கழுதைகளின் முன்னிலையில் கவிழ்ந்தது.

வாய் கொப்பளித்து வந்து படியில் உட்கார்ந்தவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "உனக்கு ஆர் சொன்னது? அம்மாவா?"

பின்சீட்டிலிருந்து பிரான்சிஸ்கா, "நான் வாயே திறக்கல்ல" என்றாள்.

"ஒருத்தரும் சொல்லல்ல. முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சிது" என்றாள் றஜிதா. "எனக்கும் அப்பிடித்தான் அப்பா. சின்னதில உங்கட பக்கத்துச் சீட்டில இருந்து எத்தனை பை நிரப்பியிருப்பன். அங்க போயும் அதுதான். பஸ்ஸில ஏறினா மூண்டாவது ஹோல்ட்டில இறங்கிடுவன். வேலைக்கு ஒரு மணித்தியாலம் நடந்தே போனன். பிறகுதான் ஓடப் பழகினன். ஸ்டியரிங் கையில இருந்தா வராது."

"வராது" என்றார் மனுவேல் மெல்ல.

"ஓம். வராது."

"அண்டைக்குப் பழக்கச் சொல்லி அழுதாயே. அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான். சொல்ல வெக்கமா இருந்திச்சி. நீங்க சத்தி எடுக்கிற ஆக்களைப் பாக்கிற பார்வை எனக்குத் தெரியும்தானே."

மனுவேலின் கண்கள் நிறைந்தன. தன் வயிற்றுக்கு மருந்து எது என்று தெரிந்த தகப்பன், அதே வயிற்றோடு பிறந்த பிள்ளைக்கு அந்த மருந்தைத் தர மறுத்திருக்கிறான். ஜெனோவாத் தெருக்களில் ஒரு மணித்தியாலம் நடந்த அந்தக் கால்களை அவர் நினைத்தார். கண்ணீர் வடிந்தது. "சத்தி எடுத்தா கண்ணால தண்ணி வரும்" என்று சொல்லிச் சட்டைக் கையால் துடைத்தார்.

றஜிதா சாவியை நீட்டினாள். "இனி நீங்க ஓடுங்க அப்பா. தலவில கிட்டத்தானே. நான் தாங்குவன்."

சாவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் சொல்லும்போதே இடப்பக்க ஆசனத்தை நினைத்து எச்சில் விழுங்கியது அவருக்குத் தெரிந்தது. தானே ஆயிரம் தரம் விழுங்கிய எச்சில் அது. வயிறு இரண்டு. ஸ்டியரிங் ஒன்று. தலவிலவுக்கும் ஒன்றுதான், லூர்துக்கும் ஒன்றுதான்.

"நீயே ஓடு" என்றார். "எனக்கு அந்தத் தேசிக்காயைத் தா."

எஞ்சின் முனகல் கேட்டதும், போவதா நிற்பதா என்று யோசித்திருந்த கழுதைகள் ஒதுங்கி வழிவிட்டன.

தலவிலவில் சவுக்கு நிழலில் பாய் விரித்து பிரான்சிஸ்கா சோற்றுக் கூடையைத் திறந்தாள். வழக்கம்போல முதல் தட்டில் மனுவேலுக்குப் போட்டாள். அவர் அதை வாங்கி, வேன் டிரைவர்மாரின் வழக்கப்படி வேனுக்குப் பக்கத்தில் செருப்புகளைக் காவல் காத்து நின்ற மகளிடம் கொண்டுபோனார்.

"டிரைவருக்கு முதல்ல" என்றார்.

"அப்பா, நீங்க சாப்பிடுங்க. வெறும் வயிறு."

"சட்டம் சட்டம்தான். கலண்டர்ல எழுதியிருக்கு."

அன்று பின்னேரம் திரும்பி வரும்போது அவர் இடப்பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் தேசிக்காய். கண் தூரத்து மரத்தில்.

"நித்திரை கொள்ளுங்க அப்பா. நித்திரையில சத்தி வராது."

"ஓடுற வண்டியில எனக்கு நித்திரை வருமா? நான் டிரைவர்."

"கண்ணை மட்டும் மூடுங்க."

காற்றாடிகள் சுற்றுகிற கரை பின்னால் போனது. களப்புக் காற்று ஜன்னலால் வந்தது. வேன் ஒரே சீராக ஓடியது. நுரைச்சோலை தாண்டும்போது அவருடைய கால் தரையை மிதிப்பதை நிறுத்தியிருந்தது. பாலாவித் திருப்பத்தில் வைப்பர் ஆடவில்லை, சிக்னல்தான் விழுந்தது. அதைப் பாராட்ட ஆள் இல்லை.

மதுரங்குளியில் முத்தலிபு நானா கடை வாசலுக்கு வந்து கையைக் காட்டினார். றஜிதா வேகத்தைக் குறைத்தாள். மனுவேலின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. தேசிக்காய் மடியில் உருண்டு கிடந்தது. முத்தலிபு எட்டிப் பார்த்தார். கூப்பிடத் திறந்த வாயை மூடிக்கொண்டு, போ மகள் என்று கையால் சைகை செய்தார்.

பின்சீட்டில் பிரான்சிஸ்கா செபமாலையின் கடைசி மணியில் விரலை நிறுத்தினாள். முப்பத்து நாலு வருடத்தில், ஓடுகிற வாகனத்தில் தன் புருசன் உறங்கி அவள் பார்த்தது இதுதான் முதல் தரம்.

வீட்டு வேலியோரம் வேன் நின்றதும் மனுவேல் திடுக்கிட்டு விழித்தார். வலது கால் ஒரு தரம் தரையை மிதித்தது.

"என்ன, மதுரங்குளி வந்திட்டுதா?"

"முந்தல் வந்திட்டுது" என்றாள் பிரான்சிஸ்கா. "பாலாவிக்கு முந்தியே குறட்டை."

"நான் நித்திரையில்ல. கண்ணை மூடி ரோட்டைக் கேட்டுக்கிட்டு வந்தன்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏத்தின ஆக்கள் நித்திரையானால் என்ன அர்த்தம் என்று அந்த வேனில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"அந்தப் போர்மைக் கிழிக்காத" என்றார் இறங்கும்போது. "உன்ட பேரே இருக்கட்டும்."

பிரான்சிஸ்கா உள்ளே ஓடினாள். அவள் ஏற்கெனவே வாங்கி அலுமாரியில் வைத்திருந்த மெழுகுதிரி அப்போதுதான் வெளியே வந்தது.

மனுவேல் கலண்டர் தாளை விரித்தார். ஆற்றுக் குளிப்பை வெட்டினார். மரத்தடிச் சமையலை மனமில்லாமல் வெட்டினார். டிரைவருக்குத் தனி அறை என்ற வரிக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தார். பிறகு பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"மகள், எல்லையில தேசிக்காய் கொண்டுபோக விடுவாங்களா?"

"எல்லையில ஆளே இல்ல எண்டு சொன்னனே அப்பா."

"அப்ப சரி" என்று சொல்லி, தாளின் தலைப்பில், எல்லாவற்றுக்கும் மேலே, நாற்பது தேசிக்காய் என்று எழுதினார்.